பக் ரிப்போர்ட் போட்டதுக்கு அப்புறம் கம்பெனி உள்ள என்னதான் நடக்குது?

லைப்ரரி, எஸ்டிகே, ப்ரவுசர், கம்பைலர்னு அடுத்தவங்க எழுதின எதையாவது வெச்சு வேலை செய்யற டெவலப்பர் எல்லாருக்கும் இந்த நாள் வந்தே தீரும். நம்ம கோடுல தப்பு இல்ல, தப்பு அவங்க சாப்ட்வேர்லதான்னு உறுதியா தெரிஞ்சுபோய், அவங்க பப்ளிக் ட்ராக்கர்ல விலாவாரியா எழுதி வெச்சுட்டு பதிலுக்குக் காத்திருப்போம். அதுக்கப்புறம் நடக்கறதைப் பத்தி எங்க பாத்தாலும் ரெண்டே ரெண்டு கருத்துதான் ஓடுது. ஒண்ணு, அவங்க எதையும் படிக்கறதே இல்ல, பாட் வெச்சு க்ளோஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க. இன்னொண்ணு, நூறு பேர் சேந்து சத்தம் போட்டா பண்ணித்தான் ஆகணும். ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ரெண்டுமே உள்ள நடக்கற வேலையை விளக்கல, அதனால புதுசா வர்றவங்க தேவையில்லாம மனசு உடைஞ்சு போறாங்க, நல்லா எழுதத் தெரிஞ்சவங்ககூட ரிப்போர்ட் போடறதையே விட்டுடறாங்க. எனக்கு அதுதான் வருத்தம்.

இந்தக் கட்டுரையில நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒரே விஷயம்தான். "ஆமா, இது பக்தான்"னு ஒத்துக்கறது ஒரு முடிவு. அதை சரி பண்றது வேற ஒரு முடிவு. ரெண்டையும் எடுக்கறது வேற வேற ஆளுங்களா இருக்கலாம், அவங்க பாக்கற காரணங்களும் வேற.

## சீலிங்ல ஈரம், பைப் எங்கயோ

அடுக்குமாடிக் குடியிருப்புல உங்க வீட்டு சீலிங்ல ஈரம் கசியுதுன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்குத் தெரியறது அந்த ஈரம் மட்டும்தான். மேல் வீட்டுக் குழாயா, மொட்டை மாடி டேங்க்கா, இல்ல ரெண்டு வீடு தள்ளி உடைஞ்ச பைப்புல இருந்து சுவர் வழியா ஓடி வருதா, எதுவும் தெரியாது. பராமரிப்பு ஆபீஸ்ல புகார் எழுதிட்டு வர்றீங்க. அவங்க வந்து பாக்கறப்ப ஈரம் காஞ்சு போயிருக்கு, இப்ப ஒண்ணும் இல்லையேன்னு போயிடறாங்க. மேல் வீட்டுல குளிக்கறப்ப மட்டும்தான் கசியுதுன்னு நீங்க கவனிச்சு சொன்னாத்தான் பிளம்பருக்கு ஒரு பிடி கிடைக்கும். இதுக்குள்ள நாலு வீட்டுல இருந்து நாலு புகார் வந்திருக்கும், உடைஞ்ச பைப் ஒண்ணுதான். சரி, பைப்பைக் கண்டுபிடிச்சாச்சு, உடனே மாத்திடலாமா? மேல் வீட்டு டைல்ஸை உடைக்கணும், மொத்த பிளாக்குக்கும் தண்ணியை நிறுத்தணும், அதனால இந்த வருஷம் எல்லா பைப்பையும் மாத்தப்போறோம், அதோட சேத்துப் பண்றோம், அதுவரைக்கும் ஒரு பக்கெட் வைங்கன்னு சொல்லிடுவாங்க.

சாப்ட்வேர்லயும் கிட்டத்தட்ட இதேதான் நடக்குது. ரிப்போர்ட் போடறவருக்குத் தெரியறது அறிகுறி, கம்பெனிக்கு வேண்டியது காரணம். அறிகுறியில இருந்து காரணத்துக்குப் போற வழியிலதான் பெரும்பாலான ரிப்போர்ட்டுங்க நின்னு போகுது.

## நீங்க பாக்கற ட்ராக்கர் ஒண்ணு, அவங்க பாக்கறது இன்னொண்ணு

ட்ராக்கர்னா பக் ரிப்போர்ட்டுகளை நம்பர் போட்டு, நிலைமையோட சேத்து வெச்சிருக்கற ஒரு டேட்டாபேஸ், அவ்வளவுதான். அதுல இருக்கற ஒவ்வொரு பதிவுக்கும் டிக்கெட்னு பேரு, கோடை ஆன்லைன்ல வெச்சுப் பகிர்ந்துக்கற தளமான கிட்ஹப்ல இஷ்யூம்பாங்க. 1998ல நெட்ஸ்கேப் தன்னோட ப்ரவுசர் கோடை திறந்து விட்டப்ப மொசில்லா ப்ராஜெக்ட் பக்ஸில்லாங்கற ட்ராக்கரையும் வெளிய விட்டுச்சு, அதுல யார் வேணா ரிப்போர்ட் போடலாம், இன்ஜினியர்ங்க உள்ளுக்குள்ள பேசிக்கறதையும் யார் வேணா படிக்கலாம். அந்த மாடல்தான் பப்ளிக் ட்ராக்கர்னு நாம இன்னைக்கு சொல்ற விஷயத்துக்கு அடித்தளம்.

ஆனா எல்லா கம்பெனியும் அப்படி இல்ல. கூகுளுக்கு உள்ளுக்குள்ள பகனைசர்னு ஒண்ணு இருக்கு, ஆப்பிளுக்கு ரேடார்னு ஒண்ணு இருக்கு. ஆப்பிள்ல வெளிய இருக்கற டெவலப்பர் ஃபீட்பேக் அசிஸ்டன்ட் வழியா ரிப்போர்ட் போடலாம், ஆனா மத்தவங்க போட்டதைப் பாக்க முடியாது, அதனாலதான் டெவலப்பர்ங்களே தாங்க போட்ட ரிப்போர்ட்டோட காப்பியை ஓப்பன் ரேடார்னு தனியா ஒரு இடத்துல பொதுவுல போட்டு வெச்சாங்க. கிட்ஹப்ல ட்ராக்கர் திறந்து வெச்சிருக்கற கம்பெனிகள்லகூட, வெளிய இருக்கற இஷ்யூவுக்கு ஜோடியா உள்ள ஒரு டிக்கெட் இருக்கறது ரொம்ப சகஜம். எந்த கஸ்டமர் அடி வாங்கியிருக்காங்க, எந்த டீம் எடுத்துக்கும், எந்த ரிலீஸ்னு எல்லாப் பேச்சும் அந்த உள் டிக்கெட்லதான் நடக்கும், வெளிய இருக்கறதுல மூணு மாசமா ஒரு வரிகூட வராது.

ஏன் வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க? கஸ்டமர் பேரை வெளியிட முடியாது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தேதி. "அடுத்த ரிலீஸ்ல வந்துடும்"னு ஒரு இன்ஜினியர் நல்ல மனசோட ஒரு வரி எழுதிட்டா அது கம்பெனி குடுத்த வாக்குறுதி ஆயிடும், வேற பத்து பேர் அதை நம்பி பிளான் போடுவாங்க, வரலைன்னா பிரச்சினை. அதனால பல இடத்துல இன்ஜினியர்ங்களுக்கு தேதி பத்திப் பேசாதேன்னு சொல்லியே வெச்சிருப்பாங்க.

இதுவரைக்கும் பாத்தது: வெளிய அமைதியா இருக்குன்னா உள்ள வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல, நடக்குதுன்னும் அர்த்தம் இல்ல. வெளி டிக்கெட்டை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

## ட்ரையாஜ்: முதல் பத்து நிமிஷம்

புது டிக்கெட் வந்ததும் யாரோ ஒருத்தர் அதைத் திறந்து, இது என்ன, யாருக்குப் போகணும், எவ்வளவு அவசரம்னு பாத்து லேபிள் ஒட்டற வேலைக்கு ட்ரையாஜ்னு பேரு. பெரிய டீம்ல இதை முறை வெச்சு செய்வாங்க, இந்த வாரம் ஒருத்தர், அடுத்த வாரம் இன்னொருத்தர். அவருக்கு இது மட்டுமே வேலை இல்ல, தன்னோட சொந்த கோடிங் வேலைக்கு நடுவுலதான் இதையும் பாக்கணும், அதனால ஒரு டிக்கெட்டுக்குக் கிடைக்கறது சில நிமிஷம்தான். அந்த சில நிமிஷத்துல அவரால ஒரு முடிவுக்கு வர முடியலைன்னா டிக்கெட் "கூடுதல் தகவல் தேவை"ங்கற லேபிளோட ஓரமாப் போயிடும்.

இங்க ரெண்டு அளவுகோல் இருக்கு, எல்லாரும் இதைத்தான் குழப்பிக்கறாங்க. சிவியாரிட்டின்னா பக் நடந்தா எவ்வளவு சேதம். ப்ரையாரிட்டின்னா அதை எவ்வளவு சீக்கிரம் தொடணும். ரெண்டும் ஒண்ணு இல்ல. டேட்டாவே அழிஞ்சு போற பக்கா இருக்கலாம், ஆனா பத்து வருஷம் பழைய ஒரு செட்டிங்கை ஆன் பண்ணினாத்தான் வரும்னா சிவியாரிட்டி அதிகம், ப்ரையாரிட்டி கம்மி. முகப்பு ஸ்க்ரீன்ல கம்பெனி பேரே எழுத்துப்பிழையோட வந்தா சேதம் ஒண்ணும் இல்ல, ஆனா அன்னைக்கே மாத்துவாங்க. கூகுள் மாதிரி இடங்கள்ல பி0ல இருந்து பி4 வரைக்கும் நம்பர் போடுவாங்க, பி0ன்னா எல்லாத்தையும் போட்டுட்டு இதைப் பாரு, பி4ன்னா நேரம் கிடைச்சா பாக்கலாம். உங்க டிக்கெட்ல பி3ன்னு ஒரு லேபிள் ஒட்டியிருந்தா அது உங்க வலியை யாரோ அளந்து பாத்து கம்மின்னு சொன்னது இல்ல, மத்த டிக்கெட்டுகளோட பக்கத்துல வெச்சப்ப வரிசையில இதுக்குக் கிடைச்ச இடம், அவ்வளவுதான்.

ரிக்ரெஷனுக்கு மட்டும் இந்த வரிசையில தனி மரியாதை உண்டு. ரிக்ரெஷன்னா போன வெர்ஷன்ல வேலை செஞ்சது இந்த வெர்ஷன்ல உடைஞ்சு போனது. காரணம் எளிமை, அதை உடைச்ச மாற்றம் புதுசு, எழுதினவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, முடியலைன்னா அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்துடலாம். அதனால உங்களுக்கு வந்த பக் முந்தைய வெர்ஷன்ல இல்லைன்னு தெரிஞ்சா அதை டைட்டில்லயே சொல்லிடுங்க, எந்த வெர்ஷன் வரைக்கும் நல்லா இருந்துச்சுங்கறதையும் சேத்து.

## ரெப்ரோதான் எல்லாமே

ரெப்ரோன்னா பக்கை இன்னொருத்தர் தன் மெஷின்ல வரவழைச்சுப் பாக்கறதுக்கான செய்முறை. நான் இதைப் பத்தித்தான் அதிகம் பேசணும்னு நினைக்கறேன், ஏன்னா ரிப்போர்ட் போடறவர் கையில முழுசா இருக்கற ஒரே விஷயம் இதுதான்.

உங்க மொத்த ப்ராஜெக்ட்டையும் ஜிப் பண்ணி அனுப்பினா யாரும் திறக்க மாட்டாங்க, அதுக்கு நேரம் இல்லைங்கறது ஒரு பக்கம், அதுல உங்க கோடோட தப்பும் அவங்க கோடோட தப்பும் கலந்து கிடக்கும்ங்கறது இன்னொரு பக்கம். பக் வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வரணும், ஃப்ரேம்வொர்க்கை எடு, டேட்டாபேஸை எடு, லாகின் எடு, கடைசியில இருபது முப்பது வரியில பக் இன்னும் வருதுன்னா அதுதான் நல்ல ரெப்ரோ. இதைப் பண்றப்ப பாதி நேரம் பக் நம்ம கோடுலதான்னு நமக்கே தெரிஞ்சு போயிடும், அதுவும் லாபம்தான். சோர்ஸ் கோடு கிடைக்கற ப்ராஜெக்ட்டா இருந்தா கிட் பைசெக்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, நல்ல வெர்ஷன் ஒண்ணு கெட்ட வெர்ஷன் ஒண்ணு சொன்னா நடுவுல இருக்கற மாற்றங்களைப் பாதி பாதியா வெட்டி எந்த மாற்றத்துல உடைஞ்சதுன்னு காட்டிடும். ஆயிரம் மாற்றம் இருந்தாகூட சுமார் பத்து தடவை டெஸ்ட் பண்ணினா போதும்.

காரணத்தையே கையில குடுத்தா என்ன நடக்கும்ங்கறதுக்கு 2021ல ஒரு உதாரணம் இருக்கு. ஜிடிஏ ஆன்லைன் கேம் லோட் ஆக பல நிமிஷம் எடுக்குதுன்னு வருஷக்கணக்கா எல்லாரும் புகார் சொல்லிட்டு இருந்தாங்க, ஒண்ணும் நடக்கல. வெளிய இருந்த ஒரு டெவலப்பர், கையில சோர்ஸ் கோடே இல்லாம, கேம் ஓடறப்ப ப்ராசசர் எங்க நேரம் செலவழிக்குதுன்னு அளந்து பாத்தார். சுமார் 10 எம்பி இருக்கற ஒரு ஜேசான் ஃபைலை, அதாவது டேட்டாவை டெக்ஸ்டா எழுதி வெச்சிருக்கற ஃபைலைப் படிக்கறப்ப, ஒவ்வொரு துண்டுக்கும் மீதி இருக்கற மொத்த டெக்ஸ்டோட நீளத்தையும் திரும்பத் திரும்ப எண்ணிட்டு இருந்தது ஒரு பிரச்சினை, அதுல இருக்கற சுமார் 63,000 பொருளையும் சேக்கறப்ப ஏற்கனவே இருக்கான்னு முதல்ல இருந்து தேடிட்டு இருந்தது இன்னொண்ணு. ரெண்டையும் ஒட்டுப்போட்டுக் காட்டினப்ப லோடிங் நேரம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது. அவர் அதைப் பொதுவுல எழுதி ரெண்டு மூணு வாரத்துலயே கேமை உருவாக்கின ராக்ஸ்டார் அதை ஒத்துக்கிட்டு, அப்டேட் விட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் குடுத்துச்சு. வருஷக்கணக்கா வந்த புகார் எல்லாம் "ஸ்லோவா இருக்கு"ன்னு அறிகுறியைச் சொல்லுச்சு, இவர் பைப் உடைஞ்ச இடத்தைக் காட்டினார்.

எல்லாரும் இவ்வளவு ஆழமாப் போகணும்னு நான் சொல்லல. வெர்ஷன் நம்பர், என்ன செஞ்சீங்க, என்ன எதிர்பாத்தீங்க, என்ன வந்துச்சு, சின்ன ரெப்ரோ, இது இருந்தாலே ட்ரையாஜ் பண்றவர் அந்த சில நிமிஷத்துல ஒரு முடிவுக்கு வந்துடலாம்.

## க்ளோஸ் பண்றப்ப போடற வார்த்தைகள்

டிக்கெட் மூடப்படற ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் ஒட்டுவாங்க. பக்ஸில்லா காலத்துல இருந்து இந்தப் பேருங்க கொஞ்சம் மாறி மாறி எல்லா ட்ராக்கர்லயும் வருது.

டூப்ளிகேட்னா ஏற்கனவே இதே பைப்புக்கு ஒரு டிக்கெட் இருக்கு. இது அவமானம் இல்ல, உங்க டிக்கெட் அதோட இணைக்கப்பட்டு எண்ணிக்கையில சேருது, அந்தப் பழைய டிக்கெட்டைப் போய் ஃபாலோ பண்ணிக்கிட்டா போதும். ஆனா சில நேரம் அறிகுறி ஒண்ணா இருந்து காரணம் வேறயா இருக்கும், பழைய டிக்கெட் ஃபிக்ஸ் ஆன பிறகும் உங்களுக்கு வருதுன்னா அப்ப திரும்ப எழுதலாம், எழுதணும்.

வொர்க்ஸ்ஃபார்மீன்னா அவங்க மெஷின்ல வரலைன்னு அர்த்தம். ரெப்ரோ பத்தலைங்கறதைத்தான் இது சொல்லுது.

இன்வாலிட், பை டிசைன், வொர்க்கிங் ஆஸ் இன்டெண்டட் இதெல்லாம் ஒரே குடும்பம், நாங்க இப்படித்தான் இருக்கணும்னு நினைச்சோம், அப்படித்தான் இருக்குங்கறாங்க. இதுக்கு ரொம்பப் பேர் போன உதாரணம் ஜிசிசிங்கற கம்பைலரோட, அதாவது நாம எழுதற கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்ற ப்ரோக்ராமோட, பக் நம்பர் 323, 2000ல போட்டது. பழைய எக்ஸ்87 கணக்குப் பகுதி எண்களை ப்ராசசருக்குள்ளயே இருக்கற ரெஜிஸ்டர்ல 80 பிட்ல வெச்சிருக்கும், மெமரிக்குப் போறப்ப 64 பிட்டா சுருங்கும், அதனால ஒரே எண்ணை அதே எண்ணோட ஒப்பிட்டாலே சில நேரம் சமம் இல்லைன்னு வரும். கம்பைலர் எழுதறவங்க இது ப்ராசசரோட குணம், பக் இல்லைன்னாங்க. ரிப்போர்ட் போட்டவங்க கோடை வேகமாக்கற ஆப்டிமைசேஷனை ஆன் பண்ணினா விடை மாறுதே, இதை எப்படி ஏத்துக்கறதுன்னாங்க. ரெண்டு பக்கமும் சொன்னது தப்பு இல்ல. அந்த டிக்கெட்டுக்கு டூப்ளிகேட் குவிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, 2010ல வந்த ஜிசிசி 4.5ல சி மொழிக்கு, நிலையான விடை வேணும்னா இதை ஆன் பண்ணிக்கோன்னு ஒரு ஆப்ஷன் சேத்தாங்க. பக் இல்லைன்னு சொன்ன விஷயத்துக்கும் கடைசியில கோடு எழுதினாங்க, அதைத்தான் நான் இங்க கவனிக்கச் சொல்றேன்.

வோன்ட்ஃபிக்ஸ், கிட்ஹப்ல 2022ல இருந்து நாட் ப்ளான்ட்னு ஒரு வகை, இதுதான் ரொம்ப கோபம் வரவழைக்கற லேபிள். ஆனா நேர்மையானதும் இதுதான்னு எனக்குத் தோணுது, பக்தான், பண்ணப்போறது இல்லைன்னு வெளிப்படையா சொல்லிடுது, நீங்க வேற வழி தேடிக்கலாம்.

ஸ்டேல் பாட் விஷயம் வேற. இத்தனை நாள் யாரும் எதுவும் எழுதலைன்னா தானா மூடற ஸ்க்ரிப்ட் அது, மனுஷன் யாரும் முடிவு எடுக்கல. சில ஆயிரம் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு திணறற சின்ன டீமுக்கு அது ஏன் வேணும்னு எனக்குப் புரியுது, ஆனா ரெப்ரோவோட சரியா எழுதின, ட்ரையாஜ்ல பக்னு உறுதியும் ஆன டிக்கெட்டை, பதில் சொல்ல வேண்டியவங்களே சொல்லாம விட்டதுக்காக மூடறது நியாயம் இல்ல. உறுதியான டிக்கெட்டைத் தொடாதேன்னு அந்த பாட்டுக்கு சொல்ல முடியும், பல ப்ராஜெக்ட் அப்படித்தான் வெச்சிருக்கு.

சுருக்கமா, மூடறதுங்கறது ஒரே செயலா தெரிஞ்சாலும் அதுக்குள்ள "ஏற்கனவே தெரியும்", "பாக்க முடியல", "பக்னு நினைக்கல", "பக்தான் ஆனா பண்ணல", "யாரும் பாக்கல"ன்னு அஞ்சு வேற வேற செய்தி இருக்கு. எதுக்கு என்ன பதில்ங்கறது லேபிளைப் பொறுத்தது.

## தெரிஞ்சும் ஏன் சரி பண்ண மாட்டேங்கறாங்க

டைல்ஸ் உடைக்கற கதை இங்கதான் வருது. ஒரு வரி மாத்தினா பக் போயிடும்னு உங்களுக்கே தெரியும், பேட்ச்கூட அனுப்பியிருப்பீங்க, பேட்ச்னா கோடுல செய்ய வேண்டிய மாற்றத்தை எழுதின சின்ன ஃபைல். அப்பவும் தயங்குவாங்க. ஏன்னா அந்தத் தப்பான நடத்தையை நம்பியே வேற யாரோ கோடு எழுதியிருப்பாங்க. கூகுள்ல வேலை செஞ்ச ஹைரம் ரைட் பேர்ல ஹைரம் விதின்னு ஒண்ணு சொல்வாங்க, போதுமான பேர் யூஸ் பண்ண ஆரம்பிச்சா உங்க சிஸ்டம் வெளிய காட்டற ஒவ்வொரு நடத்தையையும், நீங்க வாக்குக் குடுத்ததோ இல்லையோ, யாராவது நம்பித்தான் இருப்பாங்க.

இது கண் முன்னால நடந்தது 2010ல. லினக்ஸ்ல பெரும்பாலான ப்ரோக்ராமும் யூஸ் பண்ற ஜிலிப்சிங்கற அடிப்படை லைப்ரரியில மெம்காப்பிங்கற ஃபங்ஷனை, மெமரியில ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு காப்பி பண்றது அது, சில ப்ராசசர்கள்ல வேகமா இருக்கட்டும்னு பின்னாடி இருந்து முன்னாடி காப்பி பண்ற மாதிரி மாத்தினாங்க. ரெண்டு இடமும் ஒண்ணு மேல ஒண்ணு படியக்கூடாதுன்னு அந்த ஃபங்ஷனோட விதியிலயே இருக்கு, அதனால மாத்தினது விதிப்படி முழுக்க சரி. ஆனா அடோபியோட ஃப்ளாஷ் ப்ளேயர் அந்த விதியை மீறித்தான் யூஸ் பண்ணிட்டு இருந்துச்சு, லினக்ஸோட ஒரு வகையான ஃபெடோரா 14ல வீடியோ போட்டா சவுண்ட் கரகரன்னு வர ஆரம்பிச்சுது. ட்ராக்கர்ல பெரிய வாக்குவாதம். ஃப்ளாஷ்லதான் தப்பு, அவங்க திருத்தட்டும்னு ஒரு பக்கம். லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த டிக்கெட்லயே வந்து, யூஸருக்கு இது யார் தப்புங்கறது முக்கியம் இல்ல, நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு வேலை செய்யலங்கறதுதான் முக்கியம்னு வாதாடினார். கடைசியில ஜிலிப்சி 2.14ல ஒரு நடுவழி எடுத்தாங்க, பழசா கம்பைல் பண்ணின ப்ரோக்ராமுக்கு பாதுகாப்பான பழைய மாதிரி காப்பி, புதுசா கம்பைல் பண்றதுக்கு வேகமான புது காப்பி.

ஒரு ஃபிக்ஸோட செலவு கோடு எழுதற நேரத்துல இல்லைங்கறது இப்ப புரிஞ்சிருக்கும். டெஸ்ட் எழுதணும், பழைய வெர்ஷன்களுக்கும் போடணும், டாக்குமென்ட் மாத்தணும், அதுக்கும் மேல உடைஞ்சா யார் கத்துவாங்கன்னு யோசிக்கணும். நூறு பேருக்கு சரியாகி ஆயிரம் பேருக்கு உடையறதுக்கு பதிலா நூறு பேரை வொர்க்கரவுண்ட் வெச்சுக்கச் சொல்லிடறாங்க. வொர்க்கரவுண்ட்னா பக் இருக்கறப்பவே அதை சுத்திப் போற தற்காலிக வழி, நம்ம பக்கெட். உண்மையிலேயே, நல்ல வொர்க்கரவுண்ட் கிடைச்ச உடனே அந்த பக்கோட ப்ரையாரிட்டி குறைஞ்சுடுது, அதனால பல வருஷம் அப்படியே கிடக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல மவுஸை வெச்சா வர்ற சின்னக் குறிப்பான டூல்டிப் பெட்டி, நீங்க வேற ஆப்புக்கு மாறின பிறகும் அது மேலயே நிக்கற ஒரு பக் 2002ல ரிப்போர்ட் ஆகி 2023லதான் சரியாச்சு. யாரும் மறுக்கல, யாருக்கும் அது அன்னைக்கு முதல் வேலையா இல்ல.

## சத்தம் போட்டா நடக்குமா?

சில நேரம் நடக்கும். அதுக்கு ரொம்பப் பழைய உதாரணம் 1994ல இன்டெல் பென்டியம், சாப்ட்வேர் இல்லைன்னாலும் எல்லா கம்பெனியும் பாடம் படிச்சது அதுல. தாமஸ் நைஸ்லிங்கற கணிதப் பேராசிரியர் வகுத்தல் கணக்குல சில எண்களுக்கு விடை தப்பா வருதுன்னு கண்டுபிடிச்சு, இன்டெல்கிட்ட கேட்டு சரியான பதில் வராததால மத்தவங்களுக்கும் எழுதினார், அது பரவிடுச்சு. தேவைன்னு நிரூபிக்கறவங்களுக்கு மட்டும் மாத்தித் தர்றோம்னு இன்டெல் முதல்ல சொல்லுச்சு, சராசரி யூஸருக்கு அந்த பக் வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மின்னு அவங்க போட்ட கணக்குதான் காரணம். ஜனங்க கேட்டது அந்தக் கணக்கை இல்ல, நம்பலாமா வேண்டாமாங்கறதை. டிசம்பர் 20ஆம் தேதி கேட்கற எல்லாருக்கும் மாத்தித் தர்றோம்னு அறிவிச்சாங்க, மொத்த செலவு 47.5 கோடி டாலர்.

ஆனா சத்தம் மட்டும் போதும்னு இதுல இருந்து எடுத்துக்கிட்டா தப்பு, அங்கயும் சத்தத்துக்குக் கீழ யார் வேணா தன் மெஷின்ல போட்டுப் பாக்கற மாதிரி ஒரு கணக்கு இருந்துச்சு. 2021ல கமாண்ட் டைப் பண்ற ஆப்பான மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் டெர்மினல் கலர் டெக்ஸ்டை ரொம்ப மெதுவா காட்டுதுன்னு கேஸி முராட்டோரிங்கற ப்ரோக்ராமர் கிட்ஹப்ல டிக்கெட் போட்டார். இது எளிமைன்னு அவர் சொல்ல, நீங்க நினைக்கற மாதிரி இல்ல, இதுவே பெரிய ஆராய்ச்சி வேலைன்னு டீம் சொல்ல, வாக்குவாதம் சூடாயிடுச்சு. அவர் வார்த்தையை நிறுத்திட்டு வேகமா ஓடற ஒரு சின்ன டெர்மினலையே எழுதிக் காட்டினார். அதுக்கப்புறம் மைக்ரோசாஃப்டும் டெர்மினலுக்குப் புது ரெண்டரர் எழுதுச்சு, ரெண்டரர்னா எழுத்தை ஸ்க்ரீன்ல வரையற பகுதி. பேச்சுல தீராதது அளந்து காட்டினப்ப தீந்துச்சு.

"எனக்கும்", "ப்ளஸ் ஒன்", "என்னாச்சு?"ன்னு கமென்ட் போடறது பெரும்பாலும் எதிர்மாறாத்தான் வேலை செய்யும், ஏன்னா ஒவ்வொரு கமென்ட்டும் அந்த டிக்கெட்டை ஃபாலோ பண்ற எல்லாருக்கும் மெயிலா போகுது, நடுவுல யாரோ போட்ட உருப்படியான ரெப்ரோ புதைஞ்சு போகுது. 2016 ஜனவரியில ஓப்பன் சோர்ஸ் மெயின்டெய்னர்கள் நிறைய பேர், அதாவது ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கற பொறுப்புல இருக்கறவங்க, இதைப் பத்தித்தான் கிட்ஹப்புக்கே ஒரு பொதுக் கடிதம் எழுதினாங்க, ரிப்போர்ட்ல தேவையான தகவல் வர்றது இல்ல, ப்ளஸ் ஒன் கமென்ட் தாங்க முடியலைன்னு. அதுக்கடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள ரிப்போர்ட்ல என்னென்ன நிரப்பணும்னு காட்டற இஷ்யூ டெம்ப்ளேட்டும், கமென்ட் போடாம கட்டைவிரல் மட்டும் காட்டற ரியாக்ஷனும் வந்துடுச்சு. அந்தக் கட்டைவிரலை எத்தனை பேர் தட்டியிருக்காங்கன்னு வரிசைப்படுத்திப் பாக்கற டீம்ங்க நிறைய, அதனால உங்க கிட்ட புதுத் தகவல் இல்லைன்னா அதைத் தட்டிட்டுப் போங்க, அது வீண் போகாது.

## பொதுவுல போடவே கூடாத ரிப்போர்ட்

அடுத்தவங்க டேட்டாவை எடுக்க முடியுது, பாஸ்வேர்ட் இல்லாம உள்ள போக முடியுதுன்னு ஏதாவது கண்டுபிடிச்சா அதை பப்ளிக் ட்ராக்கர்ல எழுதாதீங்க. சரி பண்றதுக்கு முன்னாடியே திருடறவங்களுக்கு வழி காட்டினதா ஆயிடும். இதுக்குன்னு தனி வழி எல்லா ஒழுங்கான கம்பெனியிலயும் இருக்கு, செக்யூரிட்டி மெயில் ஐடியோ தனி படிவமோ. ரகசியமா சொல்லி, சரி பண்ண டைம் குடுத்து, பிறகு ரெண்டு பேரும் சேந்து வெளியிடறதுக்கு ஒருங்கிணைந்த வெளிப்படுத்தல்னு பேரு.

டைம் குடுத்தா கம்பெனி அப்படியே உக்காந்துடாதான்னு கேக்கலாம், அதுக்குத்தான் கெடு. 2014ல கூகுள் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் ஜீரோங்கற டீம் 90 நாள் கெடுவைப் பிரபலமாக்குச்சு, அதுக்குள்ள சரி பண்ணலைன்னா விவரத்தை வெளியிட்டுடுவாங்க. எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் தேதி தெரிஞ்சா வேலை நடக்குது.

இந்த வழியில இப்ப புதுசா ஒரு அடைப்பு வந்திருக்கு. இன்டர்நெட் வழியா டேட்டா அனுப்ப, வாங்க உதவற கர்ல் ப்ராஜெக்ட்டை நடத்தற டேனியல் ஸ்டென்பெர்க் 2024ல இருந்தே இதைப் பத்தி வெளிப்படையா எழுதிட்டு வர்றார், ஏஐ எழுதிக் குடுத்த, படிக்க அழகா இருக்கற, ஆனா உள்ள ஒண்ணுமே இல்லாத செக்யூரிட்டி ரிப்போர்ட்டுங்க குவியுதுன்னு. செக்யூரிட்டி ரிப்போர்ட்டை அலட்சியமா ஒதுக்க முடியாது, ஒவ்வொண்ணையும் ஒருத்தர் உக்காந்து சோதிச்சுத்தான் ஆகணும், அந்த நேரம் உண்மையான பக்கோட நேரத்துல இருந்துதான் போகுது. ஏஐ உதவியோட கண்டுபிடிக்கறதுல தப்பு இல்ல, ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கணும்.

## ஃபிக்ஸ்ட்னு போட்டுட்டாங்க, என் கைக்கு ஏன் வரல?

டிக்கெட்ல ஃபிக்ஸ்ட்னு வந்தா மாற்றம் அவங்க மெயின் கோடுல சேந்துடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஃபயர்ஃபாக்ஸ்ல அது முதல்ல நைட்லிக்குப் போகும், தினமும் உருவாகற சோதனை வெர்ஷன் அது, பிறகு பீட்டா, பிறகுதான் எல்லாருக்கும் போற ரிலீஸ். ஒவ்வொரு கட்டமும் சுமார் நாலு வாரம், குரோமும் 2021ல நாலு வார சுழற்சிக்கு மாறுச்சு. ரொம்ப அவசரமான ஃபிக்ஸை மட்டும் எடுத்து ஏற்கனவே வெளிய போன வெர்ஷன்ல சேப்பாங்க, அதுக்கு பேக்போர்ட்னு பேரு. எல்லாத்துக்கும் அதைப் பண்ண மாட்டாங்க, சோதிக்காத மாற்றத்தை ஸ்டேபிள்ல, அதாவது எல்லாரும் யூஸ் பண்ற வெர்ஷன்ல சேத்தா அதுவே புது ரிக்ரெஷன் ஆயிடும்.

இந்தக் காத்திருக்கற வாரங்கள்லதான் ரிப்போர்ட் போட்டவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு, முக்கால்வாசிப் பேர் அதைச் செய்யறதே இல்ல. நைட்லியையோ பீட்டாவையோ இறக்கி, உங்க சின்ன ரெப்ரோவை ஒரு தடவை ஓட்டிட்டு, உங்க உண்மையான ப்ராஜெக்ட்டையும் ஒரு தடவை ஓட்டிட்டு, சரியாயிடுச்சா இல்லையான்னு அந்த டிக்கெட்லயே வெர்ஷன் நம்பரோட எழுதுங்க. ரெப்ரோவுல போயிடுச்சு, ப்ராஜெக்ட்ல இன்னும் வருதுன்னா உங்க சின்ன ரெப்ரோ பிடிக்காம விட்ட இன்னொரு வழி இருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்துல சொன்னா ஃபிக்ஸ் எழுதினவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும், அதே டிக்கெட்டைத் திறந்து அதே வாரத்துல திருத்த முடியும். ரிலீஸ் வெளிய போன பிறகு சொன்னா அது புது டிக்கெட், ட்ரையாஜ் வரிசையில மறுபடியும் கடைசியில இருந்து.